பழம்பெரும் மின்கிதார்களின் விற்பனை

பழம்பெரும் மின்கிதார்களின் விற்பனை என்பது, பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்டு, அறியப்பட்ட இசைக்கலைஞர் ஒருவரால் மேடையிலோ ஒலிப்பதிவிலோ வாசிக்கப்பட்ட மின்கிதார்கள் ஏலம், வணிகர், நேரடிப் பேச்சு ஆகிய வழிகளில் கைமாறுவதைக் குறிக்கும். இத்தகைய கிதாரின் விலையை இரு கூறுகள் தீர்மானிக்கின்றன. கருவியின் வயது, வகை, நிலை ஆகியவை முதற்கூறு. அதை யார், எப்போது, எந்த இசைக்காக வாசித்தார் என்பது இரண்டாம் கூறு. முதற்கூறினைக் கருவியைக் கழற்றிப் பார்த்தே பெருமளவு அறிய முடியும். இரண்டாம் கூறினைக் கருவிக்கு வெளியே உள்ள சான்றுகளைக் கொண்டே நிறுவ இயலும். எனவே ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்ட இரு கிதார்களில் ஒன்று சில ஆயிரம் டாலருக்கும் மற்றொன்று பல இலட்சம் டாலருக்கும் விற்பனையாவது உண்டு.

பின்னணி

மின்கிதாரில் எஃகுத் தந்திகளின் அடியில் காந்தமும் அதனைச் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும் அமைந்திருக்கும். இவ்வமைப்பு பிக்கப் எனப்படும். தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுபட்டுச் சுருளில் சிறு மின்னோட்டம் தோன்றுகிறது. ஒலிபெருக்கி அதனைப் பெருக்கி ஓசையாக்குகிறது. வீணையிலோ மரபுவழிக் கிதாரிலோ உள்ளது போன்ற உட்குடைவு இதற்குத் தேவையில்லை. ஆகவே கெட்டியான மரப்பலகையிலேயே மின்கிதார் செய்ய முடிந்தது.

வணிகமுறையில் வெற்றி பெற்ற முதல் மின்கிதார், அமெரிக்காவில் 1931இல் உருவாக்கப்பட்டு 1932 முதல் விற்கப்பட்ட ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் அலுமினியக் கிதார் ஆகும். அதன் தோற்றத்தை ஒட்டி அது "வறுவல் சட்டி" என்று செல்லப்பெயர் பெற்றது. 1950இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் கலிபோர்னியாவில் கெட்டிப்பலகைக் கிதார்களைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று 1951இல் டெலிகாஸ்டர் என்ற பெயரைப் பெற்றது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தது. கிப்சன் நிறுவனம் 1952இல் லெஸ் பால் கிதாரை வெளியிட்டது.

1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபெண்டர் நிறுவனம் சி. பி. எஸ். ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அதன் பின்னர் தரம் குறைந்தது என்ற எண்ணம் கலைஞர்களிடையே பரவியது. அதனால் 1965க்கு முந்தைய ஃபெண்டர் கிதார்களுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. இதேபோல் 1958 முதல் 1960 வரை செஞ்சூரிய வண்ணப் பூச்சுடன் ஏறத்தாழ 1,500 அளவிலேயே செய்யப்பட்ட கிப்சன் லெஸ் பால் கிதார்கள், விற்பனையில் இருந்தபோது அதிகம் விலைபோகாதவை. 1960களின் நடுப்பகுதியில் எரிக் கிளாப்டன் முதலிய ஆங்கிலேயக் கலைஞர்கள் அவற்றை வாசித்த பின்னரே அவை தேடப்படும் பொருளாயின. 1970இல் ஜார்ஜ் குருன் நாஷ்வில் நகரில் பழைய கிதார்களுக்கான கடை தொடங்கினார். பின்னாளில் அவர் எழுதிய அடையாள வழிகாட்டி நூல் வணிகர்களிடையே பரவலாகப் பயன்பட்டது.

பழமையை அறிதல்

ஒரு கிதார் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதை அறியக் கீழ்க்காணும் குறிகள் பயன்படுகின்றன.

* தொடரெண்: கிதாரின் பின்புறத் தகட்டிலோ தலைப்பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். பழைய ஃபெண்டர் கிதார்களில் எண் பொறித்த தகடுகள் வரிசைப்படி பயன்படுத்தப்படவில்லை. தகட்டைத் திருகாணிகளைக் கழற்றி வேறு கிதாருக்கு மாற்றவும் முடியும். ஆகவே தொடரெண் மட்டும் போதிய சான்று ஆகாது.

* கழுத்தின் அடியில் உள்ள தேதி: பல ஃபெண்டர் கிதார்களில் கழுத்துக்கட்டையின் அடிப்புறத்தில் பென்சிலாலோ முத்திரையாலோ தேதி குறிக்கப்பட்டிருக்கும். கழுத்தைக் கழற்றினால் மட்டுமே இது தெரியும்.

* ஒலியளவுக் குமிழின் குறியெண்: குமிழின் கீழ் உள்ள மாறு மின்தடையின் உலோக உறையில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் உறுப்பைச் செய்த நிறுவனத்தையும், அடுத்தவை ஆண்டையும், கடைசி இரண்டு இலக்கங்கள் அந்த ஆண்டின் வாரத்தையும் காட்டும். எடுத்துக்காட்டாக 3046620 என்பது ஸ்டாக்போல் நிறுவனம் 1966ஆம் ஆண்டின் 20ஆம் வாரத்தில் செய்த உறுப்பு எனப் பொருள்படும். அவ்வுறுப்பு முதலிலிருந்தே அக்கிதாரில் உள்ளது என்றால், கிதார் அந்த வாரத்துக்கு முன் முழுமை பெற்றிருக்க முடியாது.

* ஈயப் பற்றவைப்பு: தொழிற்சாலையில் இட்ட பழைய பற்றவைப்பு மங்கிய நிறத்தில் கலையாமல் இருக்கும். புதிதாகப் பளபளக்கும் இணைப்பு, உறுப்பு மாற்றப்பட்டதைக் காட்டும்.

* மேற்பூச்சு: 1950களில் பெரிதும் பயன்பட்ட நைட்ரோசெல்லுலோசுப் பூச்சு காலப்போக்கில் மஞ்சளாகி நுண்ணிய வெடிப்புகள் விடும். புற ஊதா விளக்கின் கீழ் பழைய பூச்சும் புதிய பூச்சும் வெவ்வேறாக ஒளிரும். மறுபூச்சு பூசப்பட்ட கிதாரின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது வணிகர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு ஆகும்.

புகழ்பெற்றவரின் கிதாருக்கு இவ்விதிகள் அப்படியே பொருந்துவதில்லை. எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில் நகரில் 1950களைச் சேர்ந்த ஆறு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார்களை வாங்கினார். அவற்றுள் மூன்றை ஜார்ஜ் ஹாரிசன், ஸ்டீவ் வின்வுட், பீட் டவுன்சென்ட் ஆகியோருக்குப் பரிசாக வழங்கினார். எஞ்சிய மூன்றின் சிறந்த உறுப்புகளை இணைத்து "பிளாக்கி" என்னும் கறுப்புக் கிதாரை அமைத்துக்கொண்டார். உறுப்புகள் கலந்த கிதார் என்ற வகையில் அது மதிப்புக் குறைந்த பொருளாகவே கருதப்பட வேண்டும். ஆயினும் 2004இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 9,59,500 டாலருக்கு விற்கப்பட்டது.

உடைமை வரலாறு

ஒரு பொருள் செய்யப்பட்ட நாள் முதல் இன்றுவரை யார் யாரிடம் இருந்தது, எவ்வாறு கைமாறியது என்பதைச் சான்றுகளுடன் தொடர்ச்சியாகக் கூறுவது உடைமை வரலாறு ஆகும். ஓவியம், சிற்பம், சுவடி ஆகியவற்றுக்குப் பயன்பட்ட இம்முறையே கிதார்களுக்கும் பின்பற்றப்படுகிறது. இதற்கான சான்றுகளை இரு வகையாகப் பிரிக்கலாம்.

1. விற்பவரின் கையில் உள்ள சான்றுகள்: பற்றுச்சீட்டு, கடிதம், கையொப்பம், கிதார்ப் பெட்டியில் ஒட்டிய பயணச் சீட்டு முதலியன.
2. விற்பவரின் கைக்கு அப்பால் உள்ள சான்றுகள்: அக்கால நிழற்படங்கள், தொலைக்காட்சிப் பதிவுகள், செய்தித்தாள்கள், கடையின் கணக்கேடுகள், காவல்துறைப் புகார்கள் முதலியன.

முதல் வகையைப் புனைய முடியும். இரண்டாம் வகையை விற்பவர் எளிதில் மாற்ற முடியாது. ஆகவே இரண்டாம் வகைக்கே மதிப்பு அதிகம். இவற்றுள் நிழற்பட ஒப்பீடு சிறப்பிடம் பெறுகிறது. மரத்தின் வரியோட்டம் மனிதரின் கைரேகை போன்று கட்டைக்குக் கட்டை வேறுபடும். தெளிவான பழைய நிழற்படத்தில் தெரியும் வரிகள், கணுக்கள், கீறல்கள் ஆகியவற்றைக் கையில் உள்ள கிதாருடன் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என முடிவு செய்யலாம். ஒளிபுகா வண்ணம் பூசிய கிதார்களில் உடலின் வரிகள் மறைந்துவிடுவதால், விரற்பலகையின் வரிகளும் பூச்சில் ஏற்பட்ட சிதைவுகளும் ஒப்பிடப்படுகின்றன.

ஜான் லெனன் 1962இல் லிவர்பூல் நகரில் வாங்கிய கிப்சன் ஜே-160இ என்னும் மின்னிணைப்புக் கிதார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். இக்கிதார் 1963ஆம் ஆண்டு திசம்பரில் இலண்டன் நிகழ்ச்சி ஒன்றின்போது காணாமற்போனது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒருவர் அதன் பின்னணி அறியாமல் அதனைப் பழைய கிதாராக வாங்கி, பல பத்தாண்டுகள் வாசித்து வந்தார். பின்னர் வரியோட்ட ஒப்பீட்டின் மூலம் அது லெனனின் கிதார் என உறுதி செய்யப்பட்டது. 2015ஆம் ஆண்டு நவம்பரில் ஜூலியன்ஸ் ஏலத்தில் அது 24,10,000 டாலருக்கு விலைபோனது. பல பத்தாண்டுகள் அதே மரமும் அதே தந்தியுமாக இருந்த கருவிக்கு, ஒரு நிழற்படத்தின் துணையால் இவ்விலை கிட்டியது.

போலிப் படிகள்

புகழ்பெற்ற கிதார்களின் படிகளை உற்பத்தி நிறுவனங்களே வெளியிடுவதுண்டு. பிளாக்கியின் கீறல், சிகரெட்டுத் தீக்கறை உட்பட அனைத்தையும் ஒத்த 275 படிகள் 2006இல் விற்பனைக்கு வந்தன. இவை முறையாக அறிவிக்கப்பட்ட படிகள் ஆகும். ஆயினும் தேய்மானத்தைச் செயற்கையாக உண்டாக்கும் நுட்பம் பரவியதால், தோற்றத்தை மட்டும் நம்பிப் பழைய கிதாரை வாங்குவது இடர் மிகுந்ததாயிற்று.

அரியலூர் மாவட்ட எடுத்துக்காட்டு

விற்பவர் தரும் தாள்களுக்கும் வெளியே உள்ள நிழற்படத்துக்கும் இடையிலான வேறுபாட்டைத் தமிழக வாசகர்கள் சிலைத்திருட்டு வழக்கு ஒன்றின் மூலம் நன்கு அறிவர். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலின் சோழர்கால நடராசர் செப்புத்திருமேனி 2006ஆம் ஆண்டளவில் திருடப்பட்டது. நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து ஆசுதிரேலிய தேசியக் காட்சியகம் 2008இல் அதனை ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சிலை திருட்டுக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே இந்தியாவை விட்டு வெளியேறியதாகக் காட்டும் ஆவணங்கள் விற்பனையின்போது தரப்பட்டன. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னர் கோயிலிலேயே எடுத்திருந்த நிழற்படங்கள் அவ்வாவணங்கள் பொய்யானவை என்பதைக் காட்டின. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இதே மாவட்டத்தின் உடையார்பாளையம் கோயில் சிலைத்திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

வழிபாட்டுத் திருமேனியும் இசைக்கருவியும் ஒரே தன்மையன அல்ல. எனினும் இரண்டின் விற்பனையிலும் எழும் வினா ஒன்றே: இப்பொருள் உண்மையில் எங்கிருந்து வந்தது? அதற்கு விடை கூறும் சான்றும் இரண்டிலும் ஒன்றே.

குறிப்பிடத்தக்க விற்பனைகள்

கீழ்க்காணும் தொகைகள் ஏல நிறுவனத்தின் கட்டணத்தையும் உள்ளடக்கியவை ஆகும்.

* 1999: எரிக் கிளாப்டனின் "பிரவுனி" என்னும் 1956ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர், 4,97,500 டாலர். "லைலா" பாடலின் ஒலிப்பதிவில் இது வாசிக்கப்பட்டது. வருவாய் அவர் ஆன்டிகுவா தீவில் நிறுவிய போதை மீட்பு மையத்துக்கு வழங்கப்பட்டது.

* 2002: கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா வாசித்த "டைகர்" 9,57,500 டாலர், "வுல்ஃப்" 7,89,500 டாலர். வுல்ஃப் 2017இல் அறக்கொடைக்காக மீண்டும் ஏலமிடப்பட்டு 19 இலட்சம் டாலர் பெற்றது.

* 2013: பாப் டிலன் 1965ஆம் ஆண்டு நியூபோர்ட் நாட்டார் இசைவிழாவில் வாசித்த ஸ்ட்ராட்டோகாஸ்டர், 9,65,000 டாலர்.

* 2019: பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் வாசித்த "கறுப்பு ஸ்ட்ராட்", 39,75,000 டாலர். ஏலத்துக்கு முன் இதன் மதிப்பீடு 1,00,000 முதல் 1,50,000 டாலர் வரையே இருந்தது. அன்று விற்ற அனைத்துக் கிதார்களின் வருவாயான ஏறத்தாழ 2.15 கோடி டாலரும் கிளையன்ட்எர்த் என்னும் சூழலியல் சட்ட அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டது.

* 2020: நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1993இல் எம்டிவி நிகழ்ச்சியில் வாசித்த 1959ஆம் ஆண்டு மார்ட்டின் டி-18இ, 60,10,000 டாலர். இது தொழிற்சாலையிலேயே பிக்கப் பொருத்தப்பட்ட உட்குடைவுக் கிதார் ஆகும். அந்நாள்வரை எந்தக் கிதாரும் ஏலத்தில் இவ்விலை பெற்றதில்லை.

* 2022: கர்ட் கோபேன் 1991ஆம் ஆண்டு இசைப்படம் ஒன்றில் வாசித்த 1969ஆம் ஆண்டு ஃபெண்டர் மஸ்டாங், 45,50,000 டாலர்.

* 2024: அயர்லாந்துக் கலைஞர் ரோரி கேலகரின் 1961ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர், 8,89,400 பிரித்தானியப் பவுண்டு. வாங்கிய நிறுவனம் இதனை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கியது.

இப்பட்டியலில் சேராத வேறொரு வகையும் உண்டு. 2004 திசம்பர் 26 அன்று தமிழகக் கடற்கரையையும் தாக்கிய ஆழிப்பேரலையின் பின், பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்டுவதற்காகப் பல ராக் இசைக்கலைஞர்கள் ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் கையொப்பமிட்டனர். அது 2005இல் கத்தார் நாட்டின் தோகா நகரில் 27 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. அக்கிதாருக்கு இசைவரலாறு எதுவும் இல்லை. கையொப்பங்களும் கொடையுள்ளமுமே அதன் விலை ஆயின.

உரிமைச் சிக்கல்கள்

கிதார் உண்மையானது என்று உறுதியான பின்னரும், அதனை விற்கும் உரிமை யாருக்கு என்ற வினா எழக்கூடும்.

டிலனின் நியூபோர்ட் கிதார் 1965இல் தனி விமானம் ஒன்றில் விடப்பட்டது. விமானியின் குடும்பத்தினரிடம் அது பல பத்தாண்டுகள் இருந்தது. 2012இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று பழைய வண்ணப்படங்களுடன் மரவரிகளை ஒப்பிட்டு அதனை அடையாளம் கண்டது. டிலன் தரப்பு முதலில் மறுத்தது. பின்னர் இரு தரப்பினரும் உடன்பாட்டுக்கு வந்த பிறகே கிதார் ஏலத்துக்கு வந்தது.

ஜெர்ரி கார்சியா 1995இல் இறந்தபோது, தம் கிதார்களை அவற்றைச் செய்த டக் இர்வினுக்கே தருமாறு உயில் எழுதியிருந்தார். அவை குழுவின் பொதுச்சொத்து என்று குழுவினர் வாதிட்டனர். சமரசத்தின்படி டைகரும் வுல்ஃபும் இர்வினுக்குக் கிடைத்தன. அவர் அவற்றை 2002இல் ஏலமிட்டார். குழுவாக வாசிப்போர் எந்தக் கருவி யாருடையது என்று எழுதிவைக்காவிடில் நேரும் சிக்கலுக்கு இவ்வழக்கு எடுத்துக்காட்டு ஆகும்.

கனடாக் கலைஞர் ராண்டி பாக்மனின் 1957ஆம் ஆண்டு கிரெட்ச் கிதார் 1976இல் டொராண்டோ விடுதியிலிருந்து திருடப்பட்டது. 2020இல் அவருடைய சுவைஞர் ஒருவர் பழைய படங்களில் தெரிந்த மரவரியையும் ஒரு சிறு குறியையும் கொண்டு இணையத்தில் தேடி, அது சப்பானியக் கலைஞர் ஒருவரிடம் இருப்பதைக் கண்டறிந்தார். அவர் அதன் பின்னணி அறியாமல் கடையில் வாங்கியிருந்தார். பாக்மன் அதே வகையைச் சேர்ந்த மற்றொரு 1957ஆம் ஆண்டுக் கிதாரைத் தேடி வாங்கி, 2022 சூலை 1 அன்று தோக்கியோவில் மாற்றிக்கொண்டார். பால் மெக்கார்ட்னியின் ஹாப்னர் பாஸ் கிதார் 1972இல் இலண்டனில் ஊர்தி ஒன்றிலிருந்து திருடப்பட்டு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து உரியவரிடம் திரும்பியது. இது 2024இல் அறிவிக்கப்பட்டது.

விற்பனை முறைகள்

* ஏலம்: பரவலான விளம்பரமும் போட்டியும் கிடைக்கும். உடைமை வரலாற்றை ஏல நிறுவனமும் ஆராய்வதால் வாங்குவோருக்கு நம்பிக்கை ஏற்படும். கட்டணம் மிகுதி. விலை முன்கூட்டித் தெரியாது.

* வணிகர் வழி விற்பனை: வணிகர் தாமே வாங்கிக்கொள்வார், அல்லது கடையில் வைத்து விற்றுத் தரகு எடுத்துக்கொள்வார். முதல் முறையில் பணம் உடனே கிடைக்கும், விலை குறையும். இரண்டாம் முறையில் விலை கூடும், காலம் பிடிக்கும்.

* நேரடி விற்பனை: கட்டணம் இல்லை. கருவியை நிறுவும் பொறுப்பு முழுவதும் விற்பவரையே சாரும்.

* அருங்காட்சியகத்துக்கு அளித்தல்: விலை குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். கருவி பொதுமக்கள் பார்வையில் நிலைக்கும்.

ஏலத்தில் அறிவிக்கப்படும் தொகை முழுவதும் விற்பவரைச் சேர்வதில்லை. எடுத்துக்காட்டாக, ஏலம் 1,00,000 டாலரில் முடிகிறது எனவும், வாங்குவோர் கட்டணம் 25 விழுக்காடு, விற்போர் தரகு 10 விழுக்காடு எனவும் கொள்வோம். வாங்குபவர் 1,25,000 டாலர் செலுத்துவார். செய்தியில் இத்தொகையே வெளிவரும். விற்பவருக்குக் கிடைப்பது 90,000 டாலர் ஆகும். எஞ்சிய 35,000 டாலர் ஏல நிறுவனத்தைச் சேரும். இதற்குக் கீழே விற்கக்கூடாது என விற்பவர் ஒரு கீழ்வரம்பு விலையை முன்கூட்டியே குறிப்பிடலாம். ஏலம் அவ்விலையை எட்டாவிடில் கிதார் விற்கப்படாமல் திரும்பும்.

விற்குமுன் கிதாரைப் புதுப்பிப்பது பொதுவான பிழை ஆகும். பழைய பூச்சைத் தேய்த்து மெருகிடுதல், துருவேறிய திருகாணிகளையும் பிரடைகளையும் மாற்றுதல், தேய்ந்த மெட்டுகளைக் களைந்து புதியன பதித்தல் ஆகியவை சான்றுகளையே அழித்துவிடக்கூடும். தவிர்க்க முடியாமல் மாற்றிய உறுப்புகளைக் கிதார்ப் பெட்டியிலேயே பாதுகாத்து வைப்பது வழக்கம்.

சட்ட நிலை

1930ஆம் ஆண்டின் இந்தியப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, உரிமையாளர் அல்லாத ஒருவர் அவரது இசைவின்றி விற்றால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வாங்குபவருக்கு விற்றவரைவிட மேலான உரிமை கிடைக்காது. அதாவது திருட்டுக் கிதாரை அறியாமல் முழு விலை கொடுத்து வாங்கியவரும் அதனை இழக்க நேரலாம்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழமை உடைய கைவினைப் பொருட்கள் முதலியவற்றைத் தொல்பொருளாகக் கொண்டு, தனியார் அவற்றை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்கிறது. பழைய தஞ்சாவூர் வீணை ஒன்று இச்சட்டத்தின் கீழ் வரக்கூடும். 1932இல் விற்பனைக்கு வந்த மின்கிதார் இன்னும் நூறாண்டு அகவையை எட்டவில்லை.

மரம் குறித்த விதிகளும் உண்டு. பழைய கிதார்களின் விரற்பலகைக்குப் பிரேசில் நாட்டு ஈட்டி மரம் பெரிதும் பயன்பட்டது. அழியும் நிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டிசின் முதல் இணைப்பில் இம்மரம் 1992இல் சேர்க்கப்பட்டது. எனவே இம்மரம் உள்ள கிதாரை நாடு கடந்து விற்க, அது தடைக்கு முற்பட்டது என்பதற்கான சான்றிதழ் தேவை. தென்னிந்தியக் காடுகளில் வளரும் இந்திய ஈட்டி மரத்தையும் கிதார்த் தொழிற்சாலைகள் பரவலாகப் பயன்படுத்தின. மார்ட்டின் நிறுவனம் 1969இல் அம்மரத்துக்கு மாறியது. 2017 சனவரி முதல் இந்திய ஈட்டி மரத்துக்கும் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பின்படி அனுமதி தேவைப்பட்டது. முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசில் மரத்துக்கு இவ்விலக்கு பொருந்தாது.

வெளிநாட்டிலிருந்து பழைய கிதாரை இந்தியாவுக்குள் வாங்கி வரும்போது, மூலதனப் பொருள் அல்லாத பயன்படுத்திய பொருட்களுக்கான இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சுங்கவரியும் கருத்தில் கொள்ளத்தக்கவை.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்த் திரையிசையில் மின்கிதாரும் பாஸ் கிதாரும் முதன்மையான இடம் பெற்றவை. 1976இல் "அன்னக்கிளி" மூலம் அறிமுகமான இளையராசா தாமே கிதார் பயின்றவர் ஆவார். அவர் இசையமைத்த பாடல்களில் இக்கருவிகளின் தனி இசை பலராலும் இன்று ஆராயப்படுகிறது. கருநாடக இசையில் உ. சீனிவாசு மின்மாண்டலினையும், பிரசன்னா மின்கிதாரையும் கச்சேரிக் கருவிகளாக்கினர்.

எனினும் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசிக்கப்பட்ட கிதார்களின் உடைமை வரலாற்றை நிறுவுவது கடினம். அக்கால இசைத்தட்டு உறைகளில் நடிகர், பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்கள் அச்சிடப்பட்டன. வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை. ஒலிப்பதிவின்போது நிழற்படம் எடுக்கும் வழக்கமும் குறைவு. 1990களில் ஏ. ஆர். ரகுமான் தம் இசைத்தொகுப்புகளில் கலைஞர்களின் பெயர்களை அச்சிட்ட பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. இதனால், இலட்சக்கணக்கானோர் கேட்ட ஒரு பாடலின் கிதார், அதனை வாசித்தவரின் காலத்துக்குப் பின் பெயரற்ற பழைய கிதாராக விற்கப்பட்டுவிடக்கூடும். விலை இழப்பைக் காட்டிலும், இசைவரலாற்றின் ஒரு சான்று தொலைவதே இதில் பெரிய இழப்பு ஆகும்.

சான்றுகளைத் திரட்டுதல்

கருவியை வைத்திருப்போரும் அவர்தம் குடும்பத்தினரும் கீழ்க்காண்பவற்றைப் பாதுகாத்தல் பயன் தரும்.

1. கிதாரின் முன்புறம், பின்புறம், தலைப்பகுதி, தொடரெண், மரவரி, கீறல்கள் ஆகியவற்றின் தெளிவான நிழற்படங்கள்.
2. வாங்கிய கடையின் பற்றுச்சீட்டும் பழுதுபார்த்த சீட்டுகளும்.
3. கலைஞர் அக்கிதாருடன் காணப்படும் பழைய நிழற்படங்கள், நிகழ்ச்சி அழைப்பிதழ்கள், செய்தித்தாள் நறுக்குகள்.
4. ஒலிப்பதிவு நாட்குறிப்புகள், ஊதியச் சீட்டுகள், இசைக்கலைஞர் சங்க உறுப்பினர் அட்டை.
5. எந்தப் பாடலுக்கு எந்தக் கிதார் வாசிக்கப்பட்டது என்பது குறித்து, கலைஞர் உயிருடன் இருக்கும்போதே நாளிட்டு ஒலியாகவோ எழுத்தாகவோ பதிந்த அவரது கூற்று. உடனிருந்த மற்றொரு கலைஞரின் கூற்று இதற்கு வலு சேர்க்கும்.
6. கிதார் யாருக்கு உரியது என்பதைத் தெளிவாகக் கூறும் உயில் அல்லது கொடைப்பத்திரம்.

கருவி திருடுபோயின் உடனே காவல்துறையில் தொடரெண்ணுடன் புகார் அளிப்பதும், புகாரின் படியைப் பாதுகாப்பதும் இன்றியமையாதவை. பல பத்தாண்டுகளுக்குப் பின் கருவி வெளிப்படும்போது உரிமையை நிலைநாட்ட அப்படியே உதவும்.

இவற்றையும் பார்க்க

* மின்கிதார்
* ஏலம்
* வீணை
* தமிழ்த் திரையிசை
* சிலைத்திருட்டு
* ஈட்டி மரம்